சொன்னதைத் திருப்பிச் சொல்

மார்ச் 3
படகில் நாலு பேர் படுக்கலாம் என்றாள். அந்த நாலு பேரும் பொம்மைகளாக இருக்க வேண்டும். கான்வென்ட் விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவள், குருவி என்போம். இப்போது எழுபத்து நாலு வயதுக் குருவி, கணவர் விட்டுப்போன பாய்மரப் படகுக்குக் கேப்டன். ஏழு நாள் பயணம். மகனிடம் அனுமதி கேட்கவில்லை; தெரிவித்தேன்.

மார்ச் 4
படகில் ஒரு சட்டம். அவள் சொல்வதை நான் உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம். "காத்துல காது கேக்காதுடி." நான் என்ன கிளிப்பிள்ளையா? வாயைத் திறக்காமல் கயிற்றை இழுத்தேன். "ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, அது வேற கயிறு!" சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது.
ஆபத்து என்றால் ரேடியோவில் எந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்துவது என்றும் காட்டினாள்.

மார்ச் 5
"முன்பாயை இறக்கு." "முன்பாயை இறக்கறேன்." இறக்கினேன். "யாருடி உன்னை இறக்கச் சொன்னா?" விளையாட்டில்லை, நிஜமான கோபம். நான்தான் தவறாகக் கேட்டேனோ?

மார்ச் 6
இல்லை. இன்று மட்டும் மூன்று முறை, தான் சொன்னதையே சொல்லவில்லை என்றாள்.
கடல் வரைபடத்தின் முன்னால் பென்சிலோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முனை தாளைத் தொடவேயில்லை. கரை எந்தப் பக்கம்? எனக்குத் தெரியாது. யாரையும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். இங்கே யாரைக் கேட்பது — தண்ணீரையா?

மார்ச் 7
காற்று ஏறிவிட்டது. சுக்கானைப் பிடித்தபடி என்னைக் கேட்டாள்: "அடுத்து என்னடி செய்யணும்?" என்னை!
ரேடியோ பக்கம் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. தெரிஞ்சா என் பொண்ணு படகைப் பிடுங்கிடுவா. உன்னை நம்பித்தானே கூட்டிக்கிட்டு வந்தேன்."
அப்படியென்றால் தன் மறதி அவளுக்குத் தெரியும். முன்பே தெரியும்.
கையை விடுவித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். வேறென்ன செய்வேன்? வேறென்னதான் செய்வது? ரேடியோக்காரர் சொன்ன ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

மார்ச் 8
கடலோரக் காவல்படையினர் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். கரைவரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 19
குருவியின் மகள் படகை விற்றுவிட்டாள். எனக்கு நன்றி சொல்லிக் கடிதம். கிழித்தேன்.

ஜூன் 2
சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி. மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் குரல். வணக்கமில்லை, நலமா இல்லை.
"காத்து ஏறுதுடி. முன்பாயை இறக்கு."
"முன்பாயை இறக்கறேன்," என்றேன், உரக்க. மகன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "யாரும்மா போன்ல?"
கையமர்த்தினேன். அவள் அடுத்ததைச் சொல்வதற்காக நின்றுகொண்டே இருந்தேன்.