மூன்றாம் மேசை வயர்

வடக்குப்பட்டு,
வியாழக்கிழமை.

அன்புள்ள நாச்சியாருக்கு,

பாண்டிச்செல்வி எழுதுவது. ஒரு மாதமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. விடுதி வார்டனிடம் கெஞ்சி உன் ஊர் முகவரியை வாங்கினேன். நலமா என்று கேட்கக் கை வரவில்லை. கடைசிவரை படித்துவிடு. கிழிப்பதென்றால் அதற்குப் பிறகு கிழி.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எழுந்து நடக்கிறாள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. உன்மேல் பழி விழுந்த அன்றைக்குத்தான் அவளுக்கு ஆபரேஷன். தம்பி எப்போது கூப்பிடுவானோ என்று போனைச் சுடிதாருக்குள் மறைத்து கம்பெனியில் நம் லைனுக்கு எடுத்துப் போயிருந்தேன். பிடிபட்டால் அன்றோடு வேலை போய்விடும் என்பது உனக்கும் தெரியும்.

மதியம் சார்ஜ் இறங்கிவிட்டது. நாம் ஷிப்ட் மாறி மாறி உட்காரும் மூன்றாம் மேசை லேப்டாப்பில் என் போன் வயரைச் செருகி, லேப்டாப்பை மானிட்டரோடு இணைக்க நம் லைனில் செய்யும் சின்னப் பெட்டிகளுக்கு நடுவில் போனை வைத்துச் சார்ஜ் ஏற்றினேன். ஷிப்ட் முடியும் மணி அடித்ததும் பதற்றத்தில் ஒரு வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். லேப்டாப்பில் இருந்த இன்னொன்றை டெஸ்ட் செய்யும் பெட்டியில் மாட்டிவிட்டு வந்தேன். என் போன் வயர், மேசையின் டெஸ்ட் வயர் இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் முனை ஒன்றுபோலவே இருக்கும். ஷிப்ட் மாறும்போது நீ எதிரே வந்தாய். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக் கேட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை உன் ஷிப்ட் ரஞ்சனி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ மாட்டிய ஒரு பெட்டியிலும் மானிட்டரில் படம் வரவில்லை. அறுபத்திரண்டு பெட்டிகளுக்குப் பழுது என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாய். வரிசையாக இத்தனை போகாது, வயரை ஒருக்க மாத்திப் பாருங்க சார் என்று சூப்பர்வைசர் ஜீவானந்தத்திடம் மூன்று முறை கேட்டாயாம். “சார்ஜ் ஏறுது, மவுஸ் ஓடுது. அப்பால வயர்ல இன்னா கோளாறு இருக்கப் போவுது? நீ சொல்லித்தர்றியா எனக்கு?” என்றாராம்.

மறுநாள் காலையில் மேசைக்கு வந்ததும் வயரைப் பார்த்தேன். அது என்னுடையது. பையில் இருந்த வயர் கொஞ்சம் தடிமன். அதைக் கையில் எடுத்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது, நாச்சியார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டையும் மாற்றினேன்.

பத்து நிமிடம் கழித்து டெக்னீஷியன் தாவீது அண்ணன் வந்து, உன் பெட்டிகளை அதே மேசையில் ஒவ்வொன்றாக மாட்டினார். எல்லாவற்றிலும் படம் வந்தது. இங்க எதையாவது மாத்துனியா என்று என்னைக் கேட்டார். இல்லண்ணே என்றேன்.

அந்த ஒரு வார்த்தையால்தான் உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். லைனை நிறுத்த வேண்டும் என்றே நீ நல்ல பெட்டிகளைக் கழித்ததாக எழுதினார்கள். நீ துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் படியிறங்கும்போது நான் குளியலறையில் இருந்ததாக ரஞ்சனி உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் குளிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகொரு நாள் தாவீது அண்ணனிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். முனை ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஓடும் கம்பிகள் வேறாம். போன் வயரில் மின்சாரம் போகும், மவுஸ் மாதிரி சின்னச் சமாச்சாரம் போகும், படம் போகாதாம். நீ கேட்டபடி ஒரே ஒரு முறை மாற்றிப் பார்த்திருந்தால் போதும்.

நேற்று முன்தினம் உங்கள் ஊர் மாரிராஜைக் கம்பெனி பஸ்ஸில் பார்த்தேன். விடுதியில் நடத்தை சரியில்லை என்று உன்னை அனுப்பிவிட்டதாக ஊரில் பேசுகிறார்களாம். உன் அப்பா வெளியில் தலைகாட்டுவதில்லையாம். அத்தை மகனுக்கே உன்னைக் கொடுப்பதென்று ஆவணியில் நாள் குறித்துவிட்டார்களாம். அந்த ஆளுக்குப் பயந்துதானே நீ இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தாய்.

நேற்று ஹெச்.ஆர். ஐஸ்வர்யா மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். உன்னைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டேன். “அந்தப் பொண்ணு ஃபைலை மூடியாச்சும்மா. நீ சும்மா இருந்திருந்தா உன் வேலையாவது மிஞ்சியிருக்கும்” என்றார். என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமைக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் எழுதிக் கொடுத்ததில் கம்பெனி முத்திரை வைத்து ஒரு நகல் கேட்டேன். யோசித்துவிட்டுக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். உன் அப்பாவிடம் காட்டு. ஊர் நாலு பேர் முன்னால் படிக்கச் சொல். நம்பவில்லை என்றால் ஒரு போன் போடு, யார் போனிலிருந்தாவது. நான் வந்து உங்கள் தெருவில் நின்று என் வாயாலேயே சொல்கிறேன். என்னை யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை.

மன்னித்துவிடு என்று எழுதப் போவதில்லை. ஆவணி பிறக்க இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. கூப்பிடு, நாச்சியார்.

நீ விரும்பியபடி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
பாண்டிச்செல்வி