பதினெட்டு இஞ்ச் லேப்டாப்

தாராவி
சனிக்கிழமை மதியம்

மாலதியின் அப்பாவுக்குக் கலைச்செல்வி எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது, மஸ்கட்டில் வெயில் தணிந்ததா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நீங்கள் அனுப்பிய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி, நீங்களே உங்கள் வாயால் மாலதியிடம் சொல்ல வேண்டும். கடிதம் முழுக்க இதற்காகத்தான். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

போனில் சொல்லாமல் காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுவீர்கள். வாய்ஸ் அனுப்பினால் உங்கள் அறையில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். இங்கே இருக்கிற ஒற்றை அறையில் மாலதியின் காதுக்குத் தப்பி நான் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் தமிழில் எழுதினால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பயமில்லை, கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவளை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான். லீவு முடிந்து நாளை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிற மாரிசெல்வம் அண்ணன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் வருவதாக இருந்த லீவில் நீங்கள் வரவில்லை. அதே மாரிசெல்வம் அண்ணன் கையில் லேப்டாப்தான் வந்தது. லீவை எடுக்காமல் வேலை பார்த்து வாங்கினீர்கள் என்று அவர் சொன்னார். அன்றைக்குச் சந்துக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். மாலதி அதில் நம்ம ஊர்க் கோயில் கொடை வீடியோ போட்டுக் காட்டினாள். முத்தாரம்மன் முகத்தை அவ்வளவு பெரிதாக நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை. பொய் சொல்லமாட்டேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. டிவி வாங்கினாலும் சரி, சோற்றுப் பானை வாங்கினாலும் சரி, கடையில் எது பெரிசோ அதைக் கைகாட்டுகிற ஆள் நீங்கள். கடைக்காரன் வீடியோ கேம் விளையாடுகிறவர்களுக்காகச் செய்தது என்று சொன்னானாமே, அப்போதாவது மகளுக்கு என்ன வேலை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

அவள் வேலை உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. அவள் சேர்ந்திருக்கிற கம்பெனி தாணேயில் இருக்கிறது, ஆனால் இவளுக்குக் கொடுத்திருப்பது நெருள் பக்கத்து மருந்துக் கடைகள். கடை கடையாகப் போய் பில் போடுகிற சாஃப்ட்வேரைத் திறந்து காட்டி, கடைக்காரருக்குப் பழக்கிவிட வேண்டும். கம்பெனி லேப்டாப் தராது, அவரவருடையதைக் கொண்டுபோக வேண்டும். மருந்துக் கடையில் கவுண்ட்டர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? இருமல் மிட்டாய் ஜாடிக்கும் கால்குலேட்டருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தால் பெரிது. இது அதில் எங்கே உட்காரும்? ஒரு கடையில் எடை பார்க்கிற மிஷின் மேல் வைத்துத் திறந்தாளாம். டிவியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாயா என்று கடைக்காரர் கேட்க, நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். என்னிடம் சொல்லும்போது இவளும் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அது கட்டிப் போட்ட ஆடு மாதிரி பிளக்கை விட்டு நகராது. கரண்ட்டை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். சார்ஜரே ஒரு செங்கல் கனம். கடைக்குள் நுழைந்ததும் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எந்தக் கடைக்காரர் முகம் கொடுப்பார்? அவள்கூட வேலை பார்க்கிற ஷ்ருதி என்ற பெண்ணிடம் நோட்டுப் புத்தகம் அளவுக்குத்தான் இருக்கிறது. கூட்ட ரயிலில் நின்றபடியே ஒரு கையில் ஏந்திக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறாளாம். அதில் எழுத்து பொடியாகத் தெரியும், பில்லில் பாதி மறைந்து நிற்கும், தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று மாலதி குறை சொல்கிறாள். அது உங்களை விட்டுக்கொடுக்காமல் சொல்வது. ஷ்ருதி சாயங்காலத்துக்குள் எல்லாக் கடையையும் முடித்துவிடுகிறாள், இவளுக்குப் பாதிக்கு மேல் நிற்கிறது. இந்த மாதமும் இப்படியே போனால் நிரந்தரம் பண்ண மாட்டேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

நான் பை தைத்துப் பிழைக்கிறவள். எங்கள் தையல் கார்கானாவுக்கு வருகிற லேப்டாப் பை ஆர்டர் எல்லாம் பதினாலு இஞ்ச், மிஞ்சினால் பதினைந்து. பதினெட்டுக்கு வெட்ட அட்டைகூட எங்களிடம் கிடையாது. கடையில் எந்தப் பையும் சேராததால் நானே அளவெடுத்துத் தைத்தேன். மழைக்கு ரெக்ஸின், உள்ளே கனமான ஸ்பாஞ்ச், தோளில் மாட்ட மீந்து கிடந்த சீட் பெல்ட் பட்டை. அந்தப் பட்டையை மூன்று தையல் போட்டு இறக்கினேன். யானை கட்டினாலும் அறாது என்று மாலதியிடம் பெருமையடித்தேன்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டுப் பதறாதீர்கள், பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள்.

வியாழக்கிழமை காலையில் குர்லாவில் நெருள் வண்டிக்கு மாற இறங்கியிருக்கிறாள். இவள் பிளாட்பாரத்தில் கால் வைத்துவிட்டாள். பை உள்ளே பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. வண்டி நகர்ந்துவிட்டது. பட்டை இவள் மார்புக்குக் குறுக்கே கிடக்கிறது. கடையில் வாங்கிய பையாக இருந்தால் அறுந்திருக்கும். இது அறவில்லை. பை உள்ளே, பிள்ளை வெளியே, வண்டியோடு சேர்ந்து ஓடியிருக்கிறாள். நம் பக்கத்து வீட்டு ருக்சானா அதே பெட்டியில் இருந்ததால் என் மகள் எனக்கு மிஞ்சினாள். முழங்காலால் உதைத்து அந்தப் பையை வெளியே தள்ளியிருக்கிறாள். மாலதி பையோடு பிளாட்பாரத்தில் போய் விழுந்தாள்.

ருக்சானா அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பி ஓடிவந்து பார்த்தால், நம் மகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். முட்டியில் ரத்தம் வழிகிறது. அதைத் துடைக்காமல் லேப்டாப்பைத் திறந்து வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இதை மாலதி என்னிடம் சொல்லவில்லை. படியில் வழுக்கியது என்றாள். ருக்சானாதான் இன்று காலை தண்ணீர் பிடிக்கும்போது சொல்லி அழுதாள். அதைக் கேட்டபிறகு கார்கானாவுக்குப் போகவில்லை. மழை வலுக்கிறது, வண்டிகள் நின்று நின்று போகின்றனவாம். நான் சயான் ஸ்டேஷனுக்குப் போய் நிற்கப்போகிறேன். வந்து மீதியை எழுதுகிறேன்.

ராத்திரி

கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தூங்குகிறாள்.

எவ்வளவோ வண்டி வந்து போயிற்று. ஒவ்வொரு வண்டியிலும் லேடீஸ் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் இறங்கினாள், பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, தலை முழுக்க நனைந்து. குடையைப் பைக்குத்தான் பிடித்திருந்தாள். கொடு நான் தூக்குகிறேன் என்றேன், தரவில்லை. வீட்டுக்கு வந்து ஈரத்துணி மாற்றும்போது பார்த்தேன். தோளிலிருந்து மார்பு வரை பட்டை பதிந்த இடம் கருநீலமாகக் கன்றிக் கிடக்கிறது. அயோடெக்ஸ் வாசனை இரண்டு நாளாக வீட்டில் இருக்கிறதே என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

ருக்சானா சொன்னாள் என்று கேட்டுவிட்டேன். குர்லாவில் ஒரு கடையில் இதை எடுத்துக்கொண்டு சின்னது தருகிறார்களாம், மேலே ஒன்றும் கொடுக்க வேண்டாமாம், நாளைக்கே போய் மாற்றிவிடுவோம் என்றேன். முடியாது என்றாள். வேலை போய்விடுமே என்றேன். போனால் போகட்டும் என்றாள். உயிர் போயிருக்குமேடி என்று கத்தினேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அப்பா வரவேண்டிய லீவுலதாம்மா இது வந்திருக்கு. இதையும் குடுத்துட்டா, அப்பா வராம இருந்தது எதுக்கு?"

பிறகு அவளே சொன்னாள், வெள்ளிக்கிழமை தோறும் நீங்கள் வீடியோவில் கூப்பிட்டு எங்கே காட்டு என்பீர்கள், அறையில் இருக்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டு என் மகளுடையது என்று காட்டுவீர்கள், அந்த முகத்தை மாற்றத் தன்னால் முடியாது என்று. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து டியூஷன் எடுக்கிறாளாம், அப்போது லேப்டாப் வீட்டிலேயே இருக்குமாம். அதற்கும் திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். மேற்கொண்டு நான் பேசப் பேச, "ரெஹ்னே தோ மம்மி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். விட்டுத் தொலை என்பதை இந்தியில் சொன்னால் எனக்கு வலிக்காது என்று நினைப்பு.

பாருங்கள், உங்கள் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் உங்கள் மனசு எனக்குத் தெரியாதா? மேசை போட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அது ராஜா. நம் வீட்டில் அதைத் திறந்து வைத்தால் நான் கால் நீட்ட முடியாது. நின்றுகொண்டும் ஓடிக்கொண்டும் பிழைக்கிற பிள்ளைக்குக் கையில் அடங்குவதுதான் வேண்டும். நீங்கள் ஆசையாக வாங்கினீர்கள், நான் ஆசையாகத் தைத்தேன். நடுவில் பிள்ளை மாட்டிக்கொண்டாள்.

நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அழுது பார்த்துவிட்டேன். பையை ஒளித்து வைக்கலாமா என்றுகூட நினைத்தேன், இந்த வீட்டில் எங்கே ஒளிப்பது? நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். யோசிக்காமல் வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அழுதுவிடுவாள். இப்படி ஒரு கடிதம் வந்ததையும் காட்டிக்கொள்ளாதீர்கள். நீங்களாக நினைத்த மாதிரி, கொஞ்சம் அதட்டலாகவே சொல்லுங்கள். அது வீட்டுக்கு ஆகாது, கொண்டுபோய் மாற்றி வை, நான் லீவில் வரும்போது சின்னதுதான் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த லீவு எப்போது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வாய்க்கு வந்த மாதத்தைச் சொல்லி ஏமாற்றாமல் நிஜமாக வருகிற நாளைச் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் பிள்ளை இதைக் கையிலிருந்து விடுவாள். அதற்குப் பதிலாக வேறு எதையும் வாங்கி அனுப்ப வேண்டாம். எனக்கும் எதுவும் வேண்டாம்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், முத்தாரம்மன் துணை இருப்பாள். மாரிசெல்வம் அண்ணன் நாளை ராத்திரி உங்கள் அறைக்கு வந்துவிடுவார். எந்த நேரமானாலும் சரி, படித்த கையோடு கூப்பிடுங்கள், வெள்ளிக்கிழமை வரை வைக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் அவள் அதைத்தான் மாட்டிக்கொண்டு ரயில் ஏறப்போகிறாள்.

உங்கள்
கலைச்செல்வி