எலும்பா, கல்லா?

14 அக்டோபர், திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் துணி காயவில்லை. குடைக்கம்பி ஒன்று உடைந்தது.

சந்தையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு. பிரசவ ஆஸ்பத்திரி மேட்ரன் எலும்புப் பொடியில் துணி வெளுக்கிறாளாம். பிழை. வெளுப்பவள் ராக்கம்மாள். பொடியை அளந்து கொடுப்பவள் நான். அது எலும்புதானா என்பது இங்கே எவருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல், பால் திரிந்ததுபோல் மிதக்கும். விரிப்பெல்லாம் சாம்பல் நிறம். கோயமுத்தூர்க் கடையில் மில்லுகளுக்கு விற்கிற இந்தப் பொடி வந்த பிறகுதான் வெள்ளை வெள்ளையாயிற்று. தகரத்தின் மேல் இங்கிலீஷில் பாஸ்பேட் என்று இருக்கும்.

வினை அங்கேதான். போன வாரம் நிறைமாத வேலாத்தாளைக் காட்ட வந்த அவள் புருஷன் பழனியப்பன், நிலக்கடலை போடுகிறவன், தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்கம்மா, இந்த எழுத்தும் எங்க எரு மூட்டை எழுத்தும் ஒண்ணாட்ட இருக்குதுங்களே?"

ஆமாம், ஒரே வார்த்தை என்றேன்.

"அது எலும்பு எருவுங்க."

ஆமாம் என்றேன். அதுவும் உண்மைதானே.

15, செவ்வாய்

பல்வலி. பாலில் மறுபடி தண்ணீர்.

இரண்டு கட்டில் காலி. வேலாத்தாள் இன்று வந்து படுத்திருக்க வேண்டும். முதல் பிள்ளை வீட்டிலேயே கால் முன்னால் வந்து, மூச்சில்லாமல் போயிற்று. இதுவும் அப்படியே திரும்பியிருக்கிறது என்கிறார் டாக்டரம்மா. வந்தது மாமியார் மட்டும். வாசலிலேயே நின்றாள்.

"செத்த மாட்டெலும்புல தொவச்ச துணில எம்பட மருமவளப் படுக்கப் போடமாட்டனுங்க. ஒண்ணு போனது பத்தாதுங்களா?"

டாக்டரம்மா பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். என்னைத் தனியே அழைத்தார்.

"கல்லுன்னு சொல்லிடுங்கோ மேட்ரன். பாறையிலேர்ந்தும் எடுக்கறாளோன்னோ? நீங்க சொன்னா நம்புவா."

நம்புவார்கள். அதனால்தான் சொல்ல முடியாது.

அவருக்குக் கோபம். "அந்தப் பொண்ணு செத்தா, உங்க சத்தியம் வந்து தூக்குமா?"

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு துணி அறைக்குப் போய்விட்டேன். கால் வலி.

16, புதன்

நல்ல மழை.

கான்வென்டில் படித்த ரசாயனப் புத்தகத்தை எடுத்தேன். பாஸ்பேட் எலும்பிலிருந்தும் வரும், பாறையிலிருந்தும் வரும். எந்தத் தகரத்தில் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? பூச்சி அரித்திருந்தது. வெயில் வந்தால் காய வைக்க வேண்டும்.

என் வெள்ளைச் சேலையும் இதே பொடியில்தான் வெளுக்கிறது. பிறந்ததிலிருந்து மாமிசம் தொடாதவள். இதை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டுக்கொள்வது நான்தான்.

மத்தியானம் ஓட்டிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் கை கழுவினேன். சோப்பு பொங்கிக்கொண்டு நுரைத்தது. மழைத் தண்ணீருக்கு உப்பு ஏது? பொடியும் வேண்டாம். இத்தனை வருஷம் தோன்றவில்லையே. பீப்பாயைக் கூரையடியில் வைக்கச் சொன்னேன். மாமியாருக்கு ஆள் அனுப்பினேன், வந்து கண்ணால் பார்க்கும்படி.

17, வியாழன்

மாமியார் வந்தாள். பீப்பாயில் விரல் விட்டு நக்கிப் பார்த்தாள். புது விரிப்பு இரண்டு, புதுச் சோப்பு. ராக்கம்மாள் குனிந்ததும் தடுத்தாள்.

"இவ வேண்டாமுங்க. அந்தப் பொடில ஊறுன கையி. நீங்களே தொவைங்க."

என் கையும் அதை அளந்த கைதான் என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஏனுங்க, வாய மூடிட்டுச் சும்மா இருக்கவே தெரியாதுங்களா உங்களுக்கு? தள்ளுங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே துவைத்தாள். ராக்கம்மாள் தூணில் சாய்ந்து, "அப்பிடியே மிச்சத்தையும் பாத்துருங்காத்தா" என்றாள். மாமியார் நன்றாகவே துவைத்தாள், ஓரத்தில் மட்டும் புதுத்துணிக் கஞ்சி நின்றது. சொல்லாமல் விட்டேன்.

மழையில் காயாததை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காய வைத்தது நான். தோள் இறங்கிப்போயிற்று. விளக்கு வைக்கும் நேரம் வேலாத்தாள் வண்டியில் வந்து படுத்தாள்.

19, சனி

நேற்று எழுதவில்லை. நிற்க நேரமில்லை.

இன்று காலை பிறந்தது. பெண். கால்தான் முதலில். வெகுநேரம் சத்தமில்லை. டாக்டரம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். அழுதது. மாமியார் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

விரிப்பு இரண்டும் ரத்தம். மழை நின்று வெயில். பீப்பாய் காலி.

மாமியார் கேட்டாள்: "இனி இத எதுல தொவைப்பீங்க?"

எனக்குத் தெரியவில்லை. இன்னும் மூன்று பேர் இதே கேள்வியோடு வாசலில். பொடி எலும்பா, கல்லா என்று கடைக்காரரிடம் வண்டிக்காரன் மூலம் முன்பே கேட்டாயிற்று. "ஒசத்திச் சரக்குன்னு சொல்லச் சொன்னாருங்க" என்று வந்து நிற்கிறான்.

கடைக்கு எழுதிய கடிதம், நகல்:

ஐயா, தங்களிடம் வாங்கும் பாஸ்பேட் பொடி எலும்பிலிருந்து எடுத்ததா, கல்லிலிருந்து எடுத்ததா? செய்தவர்களைக் கேட்டுச் சொல்லவும். எலும்பு என்றால் எலும்பு என்றே எழுதவும். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதவும். வண்டிக்காரனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுத்தில் பதில் தேவை.