அரிபலகை தாமதித்தமை குறித்து நீர்முனை அமைச்சர் விடுத்த ஓலை

நலமே விளைக. மேகம் தங்கும் கொடுமுடிகளுக்கு உரியவரும், தேனும் தினையும் குறையாத கருமலை நாட்டைக் கண்போல் காப்பவருமாகிய அரசர் அதிர்கோன் அவர்களின் திருமுன்னர், நீர்முனை நாட்டு முதலமைச்சன் மருதங்கிழான் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குன்றுகளில் மழை பொய்யாதிருக்க. தங்கள் குடிகளின் அடுப்புகள் அணையாதிருக்க.

தங்கள் இளவரசர் விண்ணனாருக்கு எங்கள் இளவரசி தழைநங்கையார் ஆவணியில் மாலையிட்டார். மணமகளின் தந்தை தம் இல்லத்திலேயே, தம் கையாலேயே, காய் நறுக்கும் பலகை ஒன்று செய்து தரவேண்டும்; அது முடியும்வரை மணமகள் பிறந்தகத்தில் இருக்கவேண்டும்; பின்னாளில் பலகை குழிந்தால் செய்த கையே அதை மீண்டும் இழைக்கவேண்டும் என்பது தங்கள் நாட்டு மரபு. எங்கள் அரசர் செங்கோடனார், ஒரு பலகைதானே என்று அப்போது மகிழ்ந்து ஒப்பினார். இப்போது மார்கழி. தை பிறக்குமுன் பலகை வராவிடில் இம்மணம் முறிந்ததாகக் கொள்வோம் என்று தாங்கள் விடுத்த ஓலை கண்டோம். நடந்ததை மறைக்காமல் எழுதுக என்பது இளவரசியாரின் கட்டளை, ஆகவே எழுதுகிறேன்.

அரசர் முதலில் சந்தனத்தில் செய்தார். பார்வைக்கு அழகுதான், ஆனால் அதில் நறுக்கிய வெள்ளரிக்காயைத் தின்றவர்கள் பூசையறையைத் தின்றதுபோல் முகம் சுளித்தார்கள். அடுத்தது பச்சை வேங்கை. ஈரம் உலர உலர அது வளைந்து, தரையில் வைத்தால் தோணிபோல் ஆடியது. மூன்றாவதும் பச்சை மரமே. அது நடுவில் பிளந்தது. மரம் சரியில்லை என்றார் அரசர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தேவியார் நகைத்தார்.

உண்மையில் எங்கள் அரசருக்கு மரம் தெரியும். தோணி கட்டும் துறையில் வளர்ந்தவர். விரலால் தட்டியே ஈரம் சொல்வார். அத்தகையவர் மீண்டும் மீண்டும் பச்சை மரத்தையே எடுத்ததன் காரணம் அரண்மனையில் அனைவருக்கும் தெரியும். கேட்கத்தான் எவருக்கும் துணிவில்லை. அவர் உண்ணும்போது வலப்பக்கத்து மணையில் மகள் அமர்வார். மகள் பாகற்காயை ஒதுக்குவார். அரசர் அதை எடுத்துத் தம் இலையில் போட்டுக்கொள்வார். அந்த மணை வெறுமையாகும் நாளை நினைக்கவே அவருக்கு நெஞ்சு வலித்தது. பகலில் அவர் இழைக்க, மகள் அருகே அமர்ந்து சுருள்சுருளாக விழும் சீவல்களைப் பொறுக்குவார். இந்த வேலை முடியாமலே இருக்கக்கூடாதா என்று அவர் ஏங்கினார்.

இளவரசியாரோ மேற்கே தங்கள் மலை தெரியும் சாளரத்தை விட்டு அகலாதவரானார். கணவரைப் பிரிந்திருக்க முடியவில்லை. தந்தையைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார்.

தங்கள் ஓலை வந்த காலையில் அரசர் நான்காவது மரத்துக்கு ஆள் அனுப்பினார்; அதுவும் புதிதாய் வெட்டியதாகவே இருக்கட்டும் என்றார். இளவரசியார் உணவுக்கூடத்துக்குச் சென்று, தாம் அமரும் பலா மணையைத் தூக்கிவந்து தந்தையின் முன் வைத்தார்.

"இது வளையாது அப்பா. நான் பிறந்ததிலிருந்து உலர்ந்துகொண்டு இருக்கிறது" என்றார்.

அரசர் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. "அப்படியானால் இன்று எதில் அமர்ந்து உண்பாய்?" என்று மட்டும் கேட்டார்.

"தரையில் அமர்கிறேன். நீங்கள் ரம்பத்தை எடுங்கள்."

எடுத்தார். மணையின் கால்களைக் கழற்றி, ஓரம் அறுத்து, இழைத்து, சொரசொரப்பான பிராய் இலையால் தேய்த்து வழவழப்பாக்கினார். அன்று அவர் கை ஓரிடத்திலும் பிழைக்கவில்லை. தேங்காயெண்ணெய் பூசும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்களும் வேறெங்கோ பார்த்தோம்.

அந்தப் பலகை இவ்வோலையுடன் வருகிறது; அதை மடியில் வைத்துக்கொண்டு இளவரசியாரும் பல்லக்கில் வருகிறார். உணவுக்கூடத்தில் அவர் இடத்தில் வேறு மணை இடவேண்டாம் என்று அரசர் தடுத்துவிட்டார். பரிமாறுவோர் அந்த இடத்தைச் சுற்றியே நடக்கிறார்கள்.

இனி அரசர் தம் வாய்மொழியாக அருளியது: தங்கள் மரபு முழுவதையும் நாம் ஏற்றோம், குழிந்த பலகையை இழைக்கும் கடமையும் அதில் அடங்கும். ஆகவே பலகை குழியும்போதெல்லாம் நீர்முனைக்கு வரவேண்டும். ஏவலர் கையில் அனுப்பலாகாது. அதில் நறுக்கியவரே கொண்டுவரவேண்டும். இது தங்களுக்கு வேண்டுகோள், எம் மகளுக்கு ஆணை.

நாரை முத்திரை பொறித்து, மார்கழி வளர்பிறையில் நீர்முனைக் கோட்டையிலிருந்து விடுக்கப்பட்டது. முத்திரை இட்டபின் அரசர் ஓலையைத் திரும்ப வாங்கி, ஓரத்தில் தம் கையாலேயே கீறிய வரி இது:

பலா இரும்பன்று. தங்கள் அடுக்களையில் காய்கள் நிறைய நறுக்கப்படுவதாக.