கேட்காமல் விட்ட வழி

ஜூன் 9, 2094. காலை 8:10
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. தெற்குக் காற்று, மிதம். பனி வெட்டி, குடிநீருக்கு உருக்கும் தொட்டியை நிரப்பினேன். ஜன்னலின் உட்பக்கம் படிந்த உறைபனியைச் சுரண்டினேன். சூரியன் அடுத்த மாதம்தான் எழும். எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை.
தென்துருவக் கரையில் இந்தக் குடிலில் நானும் காஸ்மீர் மாமாவும் மட்டும். கூனி இறால் பிடிக்கும் கப்பல்கள் கோடையில் திரும்பும்வரை கிடங்கைக் காப்பது எங்கள் வேலை. பதிவேட்டைத் தானாகப் பதியும் இயந்திரம் குளிரில் நின்றுவிட்டது, அதனால் கையால் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் கடலுக்குள் போனபோது நான் எட்டாவது. பிழை இருந்தால் படிப்பவர் பொறுக்கவும்.
பெர்னதெத்.

காலை 10:40
எங்கள் குரலை வெளியே அனுப்பும் அலைக்கம்பம் பழுது. வருவது கேட்கிறது, நாங்கள் பேசுவது போகவில்லை. சரிசெய்ய மாமா பனிவண்டியில் கிளம்பினார். கம்பத்துக்கு இரண்டு வழி. ஒன்று உறைந்த கடல்மேல், ஒன்று பாறைக் கரையோரம். போகிறவரிடம் வழி கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. நான் கேட்கவில்லை. கடலுக்குப் போகிறவரை எங்கே என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்லவில்லை.

மாலை 3:20
புயல். பனி அடைத்துக் கதவு திறக்கவில்லை. வானொலியில் மாமா:
"ஏளா பெர்னா, வண்டி நின்னுபோச்சு. நடந்து வாரேன். பயப்படாத."
பதில் சொன்னேன். அது போகாது என்று தெரிந்தும் சொன்னேன்.

மாலை 5:05
மேற்கு முகாமுக்கு மட்டும் பழைய தொலைபேசிக் கம்பி இருக்கிறது. அங்கே ராயப்பன் அண்ணன், எங்கள் ஊர்க்காரர். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.
"தேடப் போறேன். எந்த வழியா போனாரு?"
பதிவேட்டைப் புரட்டினேன். வழி எழுதும் இடம் காலி.
"வாய்ல என்ன, கொழுக்கட்டையா? சொல்லு."
"தெரியாதுண்ணே."
"கேக்கலயா?"
"போறவங்கள எப்பிடிண்ணே கேக்க?"
எண்ணெய் டின்னை அவர் ஆட்டிப் பார்க்கும் சத்தம் கம்பியில் கேட்டது.
"ஒரு வழிக்குத்தான் எண்ணெய் இருக்கு. நீயே சொல்லு."
கடல்வழி என்றேன். மாமாவுக்குக் கரையில் நடப்பதே பிடிக்காது. வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இரவு 7:50
கூரை விளக்கைப் போட்டேன். மின்கலம் இரண்டுக்கும் தாங்காது, சூடேற்றியை அணைத்துவிட்டேன். விரல் மடங்கவில்லை.
மாமா: "காலுக்குக் கீழ பாறை. சறுக்குது. கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்."
பாறை என்கிறார்.
மேற்கு முகாமைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அண்ணன் கிளம்பிவிட்டார்.
உட்கார்ந்தால் குளிர் ஏமாற்றும், இல்லாதது தெரியும், கடைசியில் வெக்கை எடுக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். உட்காராதீங்க மாமா.

இரவு 9:15
விளக்கு அணைந்தது. வானொலிக்குத் தனி மின்கலம், அது மட்டும் ஓடுகிறது. மின்கலத்தைக் கழற்றி வயிற்றோடு அணைத்துச் சூடாக்கி மாட்டினேன். எரியவில்லை. மறுபடியும். இல்லை.

இரவு 10:30
மாமா: "கண்டுட்டேன் ஏளா. நம்ம கூரை லைட்டு. எவ்ளோ வெளிச்சம்."
நில்லுங்க. அது நான் இல்ல. இங்கே இருட்டு. இருட்டிலேதான் இதையும் எழுதுகிறேன், வரி ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும்

10:50 இருக்கலாம்
மாமா சிரிக்கிறார்.
"கதவத் தெறந்தே வச்சிருக்கியா, கழுத. உள்ள என்ன இப்பிடி வெக்கையா இருக்கு. இரு, கோட்டக் கழத்துதேன்."
கதவு மூடித்தான் இருக்கிறது. நான் அதில்தான் சாய்ந்திருக்கிறேன்