வச, வசா

7 அக்டோபர், செவ்வாய்
காலையிலிருந்தே தூறல். புடவைக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு உக்குவளையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ். மனைவி ஃபரீதாவுக்குக் கர்ப்பப்பையில் கேன்சர், வரும் திங்கள் ஒப்பரேஷன். டொக்டர் சிங்களத்தில் சொல்வதை அவளுக்குத் தமிழில் மாற்றுவது என் வேலை. அவளுடைய சிங்களம் மீன்காரனோடு பேரம் பேசுமளவுக்குத்தான்.

‘வசா கெட்டிதி’ பார்ப்போம் என்றார் டொக்டர். வச என்றால் விஷம். “விஷக் கட்டி ஈக்குதா எண்டு பாப்பாங்களாம்” என்றேன். பஸ்ஸில் அவள் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

9 அக்டோபர், வியாழன்
வெயில். ஆஸ்பத்திரிக்குச் சவர்க்காரம், பிளாஸ்க், கட்டிக்கொள்ள இரண்டு சாரம் வாங்க.

ஃபரீதா தன் கோப்பையையும் சாப்பிடும் பீங்கானையும் தனியாக வைத்திருக்கிறாள். பேத்தி மடியில் ஏறப் போனாள், இவள் தள்ளிவிட்டாள். ஏனென்று கத்தினேன். விஷமென்று நான்தானே சொன்னேனாம். பிள்ளை ஒரு பக்கம் அழுகை. யா அல்லாஹ், என் வாயை என்ன செய்ய.

13 அக்டோபர், திங்கள்
வார்ட்டில் தமிழ் நர்ஸ், இரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நான் விஷக் கட்டி என்றதைக் கேட்டுச் சிரித்தேவிட்டாள். “அண்ணே, அது வசாங்க, வச இல்ல. கால்ல புண்ணு வந்தா தொடையில நெறி கட்டும்ல? அந்த நெறிதான்.”

ஒரு அரவு, ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். இத்தனை நாள் அவளைக் கொன்றிருக்கிறேன்.

ஒப்பரேஷனில் சாயம் ஏற்றுவார்களாம். அது முதலில் போய்ச் சேரும் நெறி, கெமராவில் பச்சையாகத் தெரியும். அதை மட்டும் எடுத்துச் சோதிப்பது. எல்லாவற்றையும் வெட்டினால் கால் வீங்கும். பச்சை தெரிந்தால் நோய் என்று அர்த்தமில்லை, சோதனைதான் சொல்லும். ஃபரீதாவிடம் சொன்னேன். என் சிங்களம் சீலை விற்க மட்டும்தான் சரியாம்.

பகல் ஒப்பரேஷன் முடிந்தது. இரண்டு பக்கமும் பச்சை தெரிந்ததாம். மகளுக்கு ஃபோன். லுஹர் தொழுகையில் எத்தனை ரக்அத் முடித்தேன் என்று மறந்து, திரும்பத் தொழுதேன்.

28 அக்டோபர், செவ்வாய்
அடைமழை. குடையை பஸ்ஸில் விட்டாச்சு.

ரிப்போர்ட் வந்துவிட்டது. டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். வலது பக்க நெறியில் நோய் இருக்கிறது. ‘பெதிரிலா’ என்றார், பரவிவிட்டதாம். மருந்து ஏற்றலாம், கதிர் பாய்ச்சிக் கரண்ட் பிடிக்கலாம், உறுதி சொல்ல முடியாது.

ஃபரீதா என் முகத்தையே பார்த்தாள். சாயம் நன்றாகப் போயிருக்கிறது, கெமராவும் சரியாகக் காட்டியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். ஒன்றும் பொய்யில்லை. பரவியதை மட்டும் விட்டுவிட்டேன். பயம், வேறென்ன.

“பெதிரிலா எண்டது எனக்கு வெளங்கிச்சி. நீங்க மாத்த வேணாம்.”

பிறகு டொக்டர் பக்கம் திரும்பி, எவ்வளவு காலம் என்று அவளே சிங்களத்தில் கேட்டாள். பிழையான சிங்களம். டொக்டருக்கு விளங்கியது.