கருமார்பியும் நீலவாலடியும்

மே 6

காலையிலிருந்து மூடுபனி. பறவை பார்க்க வந்தவர்கள் கிட்டோ நகரத்துக்கே திரும்பிவிட்டார்கள். மேல்காட்டில் நான் தனியாக நின்றபோது, சர்க்கரைத்தண்ணீர்ப் புட்டிக்கு ஒரு ரீங்காரச்சிட்டு வந்தது. காலில் வெள்ளைப் பஞ்சு. மார்பு கறுப்பாகத் தெரிந்தது. கருமார்பியா? அந்த இனம் உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம்!

ஓடிவந்து தம்பி வில்மெரிடம் சொன்னேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "நீலவாலடியாத்தான் இருக்கும்க்கா. அதுக்கும் கால்ல பஞ்சு உண்டு. பனியில எல்லாமே கறுப்புதான்."

பறவை என்றால் சூப்பை ஆறவிட்டு ஓடுகிறவன் அவன்.

மே 9

மேல்காடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. மாடு மேய்க்கப் புல்வெளியாக்க வேண்டுமென்று பண்ணைக்காரர் தோன் எரிபெர்த்தோ விலைக்குக் கேட்கிறார். வந்த பணத்தில் கிட்டோவில் டாக்சி ஓட்டலாம் என்பது வில்மெரின் கணக்கு. கருமார்பி இருப்பது தெரிந்தால் மரம் வெட்ட அனுமதி கிடைக்காது. அவரும் வாங்க மாட்டார்.

இது வில்மெருக்குத் தெரியாதா?

மே 10

புட்டியைக் காணோம். "எறும்பு மொய்ச்சுது, கழட்டிட்டேன்" என்கிறான். எறும்பாம்! இந்தக் குளிரிலா?

மே 14

சாப்பிடும்போது வில்மெர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கூடப் பிறந்தவனைத் திருடனைப் போல வேவு பார்க்கிறேன் — நான்தான் கெட்டுப்போய்விட்டேனா?

மே 17

அவனிடம் சொல்லாமல் வேறு புட்டி கட்டிவிட்டுக் காத்திருந்தேன். வந்தது. அதே பஞ்சு, அதே கறுப்பு. படம் எடுப்பதற்குள் பனி விலகி வெயில் விழுந்தது — மார்பெல்லாம் பச்சை. திரும்பியது. வாலடியில் பளீரென்று நீலம். கருமார்பிக்கு வெயிலிலும் மார்பு கரிதான்.

இது நீலவாலடியேதான். அழுகை வந்தது. பறவைக்காகவா, தம்பிக்காகவா?

மே 20

மேல்காட்டை விற்கச் சம்மதித்துவிட்டேன். பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனோம். பேருந்தில் சொல்லிவிட்டேன்: "உன்ன சந்தேகப்பட்டேன்டா. நீ சொன்னதுதான் சரி. வெயில்ல பாத்துட்டேன், பச்சைதான். மன்னிச்சிரு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் கையெழுத்துப் போட்டேன். பேனா அவனிடம் போனது. அவன் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். "என்னப்பா, பேரு மறந்துபோச்சா?" என்று தோன் எரிபெர்த்தோ சிரித்தார்.

வில்மெர் பேனாவைக் கீழே வைத்தான். "நீ பாத்தது பச்சைக்கா. நான் பாத்தது கறுப்பு. ஈஸ்டருக்கு முந்தி, நல்ல வெயில்ல."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீ திட்டியிருந்தா கையெழுத்தப் போட்டுட்டுப் போயிருப்பேன். நீ மன்னிப்புல்ல கேக்குற!"

ஜூன் 2

பறவை ஆய்வாளர்கள் மேல்காட்டில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். கருமார்பி இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. எனக்கு மறுபடியும் சந்தேகம் அரிக்கிறது — உண்மையிலேயே பார்த்தானா, எனக்காகச் சொன்னானா?

கேட்கவில்லை. அவன் விடிவதற்குள் எழுந்து அவர்களோடு போய்விடுகிறான். நாளைக்கு என்னையும் எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.